எதை ஓட்டிப் படிப்பது, எதை நின்று படிப்பது

காரைக்குடியில் குரூப் 4 தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள், தேவகோட்டையில் பேரனுக்கு வாசிக்கச் சொல்லித்தரும் ஆயாக்கள், கானாடுகாத்தானில் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து அப்பத்தா காலத்துப் புத்தகப் பெட்டியைக் கிளறும் வெளியூர்க்காரர்கள். மூன்று தரப்பும் சொல்லும் குறை ஒன்றுதான்: படிக்க ரொம்ப நேரமாகிறது. காரணம் மட்டும் ஆளுக்கு ஒன்று. தேர்வுக்குப் படிப்பவருக்குப் படித்தது தங்குவதில்லை. அதனால் ஒரே பாடத்தை நாலு தடவை படிக்கிறார். பேரனுக்கு எழுத்துக் கூட்டுவதிலேயே மூச்சு முட்டிவிடுகிறது. பெட்டியைத் திறந்தவருக்கு அந்தக் கால எழுத்தே பிடிபடவில்லை. இவர்கள் எல்லாரையும் ஒரே 'ஸ்பீட் ரீடிங்' வகுப்பில் உட்கார வைத்தால் கட்டணம் கட்டியதுதான் மிச்சம்.

அந்த வகுப்புகள் என்ன விற்கின்றன என்பதை முதலில் பார்த்துவிடலாம். நிமிடத்துக்கு 1000 சொல், 2000 சொல் என்பார்கள். இந்த வியாபாரத்தை அமெரிக்காவில் பெரிதாகத் தொடங்கி வைத்தவர் எவலின் வுட். 1959இல் அவருடைய பயிற்சி நிலையம் வந்தது. கையைப் பக்கத்தின் மேல் ஓட்டு, மனத்துக்குள் உச்சரிக்காதே, பக்கத்தை மொத்தமாகப் பார் என்பவைதான் அன்று முதல் இன்று வரை பாடம்.

கண் அப்படி வேலை செய்வதில்லை. படிக்கும்போது அது வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போகாமல், தாவித் தாவி நிற்கிறது. ஒரு நிற்றல் ஏறக்குறைய கால் நொடி. தாவும் நேரம் அதில் பத்தில் ஒரு பங்குதான். அந்த நேரத்தில் கண் எந்த எழுத்தையும் வாங்குவதில்லை. நிற்கும்போதும் பார்வையின் நடுவில் இருக்கும் சில எழுத்துகள்தான் தெளிவு, ஓரத்தில் இருப்பவை மங்கல். நொடிக்கு நான்கு நிற்றல் என்றால் நிமிடத்துக்கு 240. ஆங்கிலத்தில் நிற்றலுக்குச் சுமாராக ஒரு சொல் என்று வைத்தால் நிமிடத்துக்கு 240 சொல். மார்க் பிரைஸ்பெர்ட் என்ற ஆய்வாளர் பழைய ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 2019இல் கண்ட சராசரியும் அதை ஒட்டியே வருகிறது: ஆங்கிலக் கட்டுரைகளை மனத்துக்குள் படிக்கும் பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 238 சொல், கதைகளுக்கு 260, வாய்விட்டுப் படித்தால் 183. கீத் ரெய்னரும் உடனிருந்தவர்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு இன்னும் நேரடியாகச் சொல்லிவிட்டது: வேகத்தை இரண்டு மூன்று மடங்காக்கினால் புரிதல் குறையும். குறுக்குவழி கிடையாது. மேலோட்டமாகப் பார்ப்பது ஒரு பயனுள்ள திறமைதான், ஆனால் அதற்குப் படித்தல் என்று பெயரில்லை.

தமிழில் படிப்பவர் இந்த ஆங்கில எண்களைப் பார்த்து மனம் உடையத் தேவையில்லை. 'வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து' என்பது நமக்கு ஒரே சொல். அதை வாங்கக் கண் இரண்டு மூன்று இடத்தில் நிற்க வேண்டும். ஆகவே தமிழில் சொற்கணக்கு இயல்பாகவே குறைவாகத்தான் வரும். உங்கள் இன்றைய வேகத்தை உங்களுடைய போன மாத வேகத்தோடு ஒப்பிடுங்கள், போதும்.

அளப்பது சுலபம். டெம்மி அளவில் அச்சான ஒரு புத்தகத்தை எடுங்கள். ஒரு பக்கத்தில் பத்து வரிகளில் உள்ள சொற்களை எண்ணிப் பத்தால் வகுத்தால் வரிக்கு எத்தனை சொல் என்று வரும். அதைப் பக்கத்தின் வரிகளால் பெருக்குங்கள். வரிக்கு 7, பக்கத்துக்கு 30 வரி என்றால் 210 சொல். செல்பேசியில் ஐந்து நிமிட அலாரம் வைத்துவிட்டு எப்போதும் போலப் படியுங்கள். மூன்று பக்கம் முடிந்தால் 630 சொல், நிமிடத்துக்கு 126. பிறகு புத்தகத்தை மூடி, படித்ததில் ஐந்து செய்திகளை ஒரு தாளில் எழுதுங்கள். நான்கு செய்தியாவது தேறினால் அந்த வேகம் உங்களுடையது. இரண்டுதான் வந்ததென்றால் கண் ஓடியிருக்கிறது, நீங்கள் கூடப் போகவில்லை. இந்தத் தாள் இல்லாமல் வேகத்தை மட்டும் அளப்பவர்கள் இரண்டே வாரத்தில் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்ளப் பழகிவிடுகிறார்கள்.

அந்த 126ஐயே வைத்துக்கொண்டாலும் தினம் அரைமணி நேரத்தில் 18 பக்கம். 180 பக்கப் புத்தகம் பத்து நாளில் முடியும். விடாமல் படித்தால் வருடத்துக்கு 36 புத்தகம். வேகம் போதவில்லை என்று சொல்பவர்களில் பெரும்பாலோருக்குக் குறைவது வேகமல்ல, இந்த அரைமணிதான்.

சரி, வேகம் கூடுமா? கூடும். கூடுவது கண்ணால் அல்ல, சொல்லால். தெரிந்த சொல்லைக் கண் சட்டென்று விட்டு நகர்கிறது, தெரியாத சொல்லில் நின்று திரும்பிப் பார்க்கிறது. பிறர் உதவியில்லாமல் ஒரு பகுதி புரிய வேண்டுமானால் அதில் 100க்கு 98 சொல் தெரிந்திருக்க வேண்டும் என்று ஹூ, நேஷன் என்ற இருவர் 2000இல் எழுதினார்கள். இரண்டாம் மொழியாக ஆங்கிலம் படிப்பவர்களை வைத்துச் செய்த ஆய்வு அது. நம் 210 சொல் பக்கத்துக்குப் போட்டுப் பார்த்தால், பக்கத்துக்கு நான்கு சொல்லுக்கு மேல் தெரியாவிட்டால் அந்தப் புத்தகம் வேகப் பயிற்சிக்கு ஆகாது. அகராதியோடு மெதுவாகப் படிக்க வேண்டிய புத்தகம் அது. வேகம் பழகுவதற்கு ஒன்றிரண்டு சொல் மட்டும் இடறும் புத்தகமாகப் பாருங்கள். கிளை நூலகத்தில் நின்றபடியே நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, இடறும் சொல்லுக்கு ஒரு விரல் மடக்கினால் தெரிந்துவிடும். முதல் பக்கத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். முன்னுரை பெரும்பாலும் வேறொருவர் எழுதியது.

பயிற்சிக்குத் தினம் இருபது நிமிடம் போதும். முதல் ஐந்து நிமிடம் இயல்பான வேகத்தில் படித்து, முடித்த இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். அதே பகுதியை நான்கு நிமிடத்தில் மறுபடி படியுங்கள். பிறகு அடுத்த புதிய பகுதியை ஐந்து நிமிடம். மீதி நேரம் தாளில் எழுத. அளவு குறிப்பது மூன்றாவது சுற்றில் மட்டும்தான். இரண்டாம் சுற்றில் வேகமாகப் போவது ஏற்கெனவே படித்ததனால். அந்த எண்ணை நோட்டில் ஏற்றினால் பொய்க்கணக்கு.

திரும்பிப் பார்க்கும் பழக்கத்துக்கு ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை போதும். கெட்டி அட்டையாக, வரியின் அகலத்துக்கு வெட்டி எடுங்கள். பலரும் அதைப் படிக்கும் வரிக்குக் கீழே வைக்கிறார்கள். அது தவறு. கீழே வைத்தால் அடுத்து வரும் வரியை மறைக்கும், கண் முன்னோட்டம் பார்க்க முடியாது. படித்து முடித்த வரியின் மேல் வைத்து, மேலிருந்து கீழே இறக்குங்கள். மூடிய வரிக்குத் திரும்ப முடியாது என்று தெரிந்ததும் கவனம் முதல் தடவையிலேயே கூடுகிறது. ஆனால் திரும்பிப் பார்ப்பதை அடியோடு ஒழிக்க நினைக்க வேண்டாம். நன்றாகப் படிப்பவர்களின் கண்கூடத் தன் தாவல்களில் 100க்கு 10 முதல் 15 வரை பின்னோக்கிப் போகிறது. புரியாததைச் சரிசெய்ய அது வேண்டும். அட்டை தடுக்க வேண்டியது கவனம் சிதறித் திரும்பும் பழக்கத்தை மட்டும். கடினமான பத்தி வந்தால் அட்டையை எடுத்துவிடுங்கள்.

மனத்துக்குள் ஒலிக்கும் குரலையும் அப்படித்தான் விட்டுவிட வேண்டும். உதடு அசைவது வேறு, உள்ளே ஒலிப்பது வேறு. நம் பள்ளிகளில் 'வாய்விட்டுப் படி' என்றே வளர்த்ததால் முப்பது வயதிலும் உதடு அசைபவர்கள் நிறைய. உதட்டின் மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு இரண்டு பக்கம் படித்தால் அசைவது தெரியும், தெரிந்தாலே குறையும். உள்ளே ஒலிக்கும் குரலை நிறுத்த ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே படியுங்கள் என்று சில வகுப்புகளில் சொல்கிறார்கள். நிற்கத்தான் செய்யும், கூடவே பொருளும் நின்றுவிடும். நீளமான வாக்கியத்தின் தொடக்கத்தை அதன் முடிவு வரை மனத்தில் பிடித்து வைத்திருப்பதே அந்தக் குரல்தான்.

தமிழுக்கு அது இன்னும் முக்கியம், ஏனென்றால் நம் வாக்கியத்தின் உயிர் கடைசிச் சொல்லில் இருக்கிறது. ஒவ்வொரு வாக்கியத்தின் தொடக்கத்தை மட்டும் பார், மீதியை ஊகி என்பது ஆங்கிலத்துக்கு எழுதிய உத்தி. தமிழில் அதைச் செய்தால் தலைகீழாகப் புரியும். காலையில் பேப்பரைக் கையில் எடுக்கும் எந்த வீட்டிலும் நடப்பதுதான்:

"ஐயா, பேங்க் வட்டியக் கூட்டப் போறாங்களாம்."

"முழுசா வாசிடா."

"'வைப்புத்தொகைக்கான வட்டி விகிதத்தை உயர்த்துவது குறித்து இதுவரை எந்த முடிவும்...' ஓ. 'எடுக்கப்படவில்லை.'"

இல்லை, அல்ல, மாட்டாது, ஆகாது, ஒழிய, தவிர. இவையெல்லாம் வால்பக்கம் வருபவை. தமிழில் மேலோட்டமாகப் பார்க்க வேண்டுமானால் வாக்கியத்தின் கடைசி இரண்டு சொல்லையும், பத்தியின் முதல், கடைசி வாக்கியங்களையும் பார்க்க வேண்டும். இதோடு விகுதிகளை ஒரே துண்டாக வாங்கப் பழகினால் வேகம் கூடுவது உடனே தெரியும்: 'கொண்டிருந்த', 'வேண்டியிருக்கிறது', 'பட்டதாகக் கூறப்படுகிறது', 'யிலிருந்து', 'தற்காக'. பேப்பரின் ஒரு பத்தியில் இவற்றைப் பென்சிலால் வட்டமிட்டுப் பார்த்தால் எத்தனை தடவை வருகின்றன என்று புரியும். பத்து நாள் இப்படி வட்டமிட்டவர்கள், பிறகு பென்சில் இல்லாமலே அவற்றில் நிற்காமல் கடக்கிறார்கள்.

சின்னப் பிள்ளைகள் விஷயம் வேறு. இரண்டாம் மூன்றாம் வகுப்பில் எழுத்துக் கூட்டித் திணறும் பிள்ளைக்கு ஒற்றைக்கொம்பும் காலும்தான் முதல் தடை. 'கொ' என்பதில் கொம்பு முன்னால், கால் பின்னால், எழுத்து நடுவில். இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக எடுக்கும் பிள்ளை அதைக் 'கெ' என்று தொடங்கிவிட்டுக் காலைப் பார்த்ததும் திகைக்கும். கொடை–கோடை, தொடு–தோடு, கெடு–கேடு, எடு–ஏடு என்று இணை இணையாக அட்டையில் பெரிதாக எழுதி, தினம் ஒரு நிமிடம் காட்டினால் போதும். வரிசையை மாற்றி மாற்றிக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை அட்டையைப் பார்க்காமலே ஒப்பிக்கும்.

அடுத்தது மீள்வாசிப்பு. சாமுவேல்ஸ் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1979இல் எழுதி வைத்த முறை இது, செலவில்லாதது. அறுபது எழுபது சொல்லில் ஒரு பத்தி. பெரியவர் ஒருமுறை, விரலால் தொட்டுக்கொண்டே, நிதானமாக வாசித்துக் காட்டுகிறார். பிறகு பிள்ளை அதையே நான்கு முறை வாசிக்கிறது. ஒவ்வொரு முறையும் எத்தனை நொடி என்று பக்கத்தில் எழுதி வையுங்கள். எண் இறங்கிக்கொண்டே வருவதைப் பார்ப்பதுதான் பிள்ளைக்குச் சாக்லேட். தடுமாறினால் உடனே திருத்தாதீர்கள். மனத்துக்குள் மூன்று எண்ணும்வரை பொறுத்து, அப்புறமும் வராவிட்டால் சொல்லைச் சொல்லிக் கொடுத்துவிட்டு நகருங்கள். எழுத்து எழுத்தாகக் கூட்டச் சொல்லி அங்கேயே நிறுத்தினால் வாக்கியம் அறுந்துபோகும். நான்காம் முறையில் மனப்பாடமாக ஒப்பிக்கிறதோ என்று சந்தேகம் வந்தால் நடுவில் ஒரு வாக்கியத்தைத் தொட்டு, 'இங்கிருந்து வாசி' என்றால் தெரிந்துவிடும். ஆயாக்கள் செய்யக்கூடாத ஒன்று: அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவது. சொன்னால் கேட்பதில்லை, இருந்தாலும் சொல்லி வைக்கிறோம்.

தேர்வுக்காரர்களுக்கு வருவோம். குரூப் 4இல் 200 கேள்வி, மூன்று மணி நேரம், 300 மதிப்பெண். வட்டம் நிரப்பவும் சரிபார்க்கவும் பத்து நிமிடம் ஒதுக்கினால் மீதி 170 நிமிடம்; கேள்விக்கு 51 நொடி. கணக்குக் கேள்விகளுக்கு அதற்கு மேல் ஆகும், ஆகவே பொது அறிவும் தமிழும் முப்பது நொடிக்குள் முடிய வேண்டும். இங்கே நேரத்தைத் தின்பது வாசிப்பு வேகம் அல்ல, கேள்வியைத் தப்பாக வாசித்து விடைகளில் அலைவது. 'பின்வருவனவற்றுள் தவறானது எது', 'பொருந்தாதது எது', 'கூற்று சரி, காரணம் தவறு' என்பவற்றில் அந்தச் சொல்லை வினாத்தாளில் அடிக்கோடிட்டுவிட்டு விடைக்குப் போவது ஒரு நொடி வேலை. மாதிரித் தேர்வில் அந்த ஒரு நொடியைப் பழகாதவர்கள் மெய்த்தேர்விலும் செய்வதில்லை.

பாடம் படிப்பதில் பெரிய விரயம், மஞ்சள் பேனாவும் மறுவாசிப்பும்தான். ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006இல் கல்லூரி மாணவர்களிடம் செய்த சோதனை தெளிவானது. ஒரு கூட்டம் பகுதியைத் திரும்பப் படித்தது, இன்னொன்று புத்தகத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் முன்னால். அந்த ஐந்து நிமிட வெற்றிதான் நம் பிள்ளைகளை ஏமாற்றுகிறது. ஆறாம் வகுப்பு முதல் சமச்சீர்ப் புத்தகங்களை எடுக்கும்போது முதலில் பாடத்தின் கடைசியில் உள்ள கேள்விகளைப் பாருங்கள், பிறகு தலைப்புகளும் 'தெரியுமா' பெட்டிகளும், அதன்பின் ஒரே ஒருமுறை முழுப்பாடம். உடனே புத்தகத்தை மூடி, வெற்றுத்தாளில் நினைவுக்கு வந்ததை எழுதி, விட்டுப்போனதை மட்டும் திறந்து பார்த்துச் சிவப்பில் சேருங்கள். மறுநாளும் அடுத்த வாரமும் அந்தச் சிவப்பை மட்டும் பார்த்தால் போதும். நாலு தடவை முழுப்பாடம் படிப்பதைவிடக் குறைந்த நேரம்தான் ஆகும்.

இன்னொன்று, ஜெராக்ஸ் நோட்டு. கல்லூரிச் சாலையில் கைமாறும் குறிப்புகள் பெரும்பாலும் ஜெராக்ஸின் ஜெராக்ஸ். இரண்டாம் நகலிலேயே புள்ளி காணாமல் போகத் தொடங்குகிறது. 'க்' எல்லாம் 'க' ஆகிவிடும். 'ர' எழுத்துக்கும் காலுக்கும் வித்தியாசம் தெரியாது. படிப்பவரின் மூளை ஒவ்வொரு சொல்லிலும் எது மெய், எது உயிர்மெய் என்று ஊகித்துக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. வேகம் குறைந்து தலைவலி வருவதற்குச் சோம்பலைக் காரணம் சொல்வார்கள். காரணம் தாள்தான். இரண்டு ரூபாய் மிச்சம் பிடிக்காமல் மூலப் பிரதியிலிருந்து எடுங்கள்.

செட்டிநாட்டில் வாசிப்பு என்றால் கதை, கட்டுரை மட்டுமில்லை. வெளியூர்க் கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர்களுக்கு முதலில் பழக்கியது பேரேட்டைப் பார்ப்பது. பேரேட்டை யாரும் முதல் வரியிலிருந்து வாசிப்பதில்லை. பெயரும் தேதியும் எங்கே வரும் என்று தெரிந்துகொண்டு அந்தக் கட்டத்தில் மட்டும் கண்ணை இறக்குவார்கள். தேடிப் பார்த்தல் என்ற இந்தத் திறமை இன்று பத்திரங்களுக்கு அப்படியே உதவும். ஒரு வளவில் பத்துப் புள்ளி, பன்னிரண்டு புள்ளி (குடும்பம்) பாத்தியம் உள்ள வீட்டில் பழைய கிரயப் பத்திரத்தை வாசிக்கத் தெரியாமல் வருடக்கணக்காக இழுபடும் பங்குப் பேச்சு எத்தனையோ.

பத்திரம் மிரட்டுவது அதன் நடையால். '...எழுதிக் கொடுத்த சுத்தக்கிரயப் பத்திரம் என்னவென்றால்' என்று தொடங்கினால் ஒரு பக்கம் முழுக்க ஒரே வாக்கியம், நிறுத்தற்குறி இல்லை. அதை மேலிருந்து வாசித்தால் பாதியில் யார் யாருக்கு எழுதினார்கள் என்பதே மறந்துபோகும். கடைசியிலிருந்து தொடங்குங்கள். சொத்து விவரத்தில் கிராமம், சர்வே எண், நான்கு மால் (எல்லை), விஸ்தீரணம் (பரப்பளவு), பொதுவில் எத்தனையில் எத்தனை பாகம் என்பவை இருக்கும். அவற்றை ஒரு தாளில் தனியே எழுதுங்கள். அடுத்து முதல் பத்தியில் தேதி, எழுதிக் கொடுப்பவர், எழுதி வாங்குபவர். மூன்றாவதாகக் கிரயத் தொகை. இவை கையில் வந்தபின் நடுப்பகுதியை மெதுவாக, ஒவ்வொரு 'ஆனபடியாலும்', 'மேற்படி', 'ஷை' (மேற்படி என்பதன் சுருக்கம்) வரும் இடத்திலும் பென்சிலால் சாய்கோடு போட்டுத் துண்டாக்கி வாசியுங்கள். 'மேற்படியார்' என்றால் எந்த மேற்படியார் என்று அதன் தலைமேல் பெயரை எழுதுங்கள். எழுதுவது நகலில்தான், மூலத்தில் அல்ல! 'நீங்கலாக', 'உட்பட' என்ற இரண்டு சொல்லையும் ஒருபோதும் ஓட்டிப் படிக்கக்கூடாது. கிணறு உங்களுக்கா பங்காளிக்கா என்பது அங்கேதான் இருக்கும். வாசித்துப் புரிந்துகொள்வது கையெழுத்துக்கு முன் வக்கீலிடம் சரியான கேள்வி கேட்பதற்கு. வக்கீலுக்குப் பதிலாக அல்ல.

பெட்டியில் கிடக்கும் பழைய அச்சுப் புத்தகங்கள் வேறு வகை. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்து வைத்தவை ஏறக்குறைய ஒரு லட்சம். அவற்றை சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது; அந்தச் சேகரிப்பு 1994 முதல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக இயங்குகிறது. எல்லார் வீட்டிலும் அப்படியில்லை என்றாலும் ஒரு டிரங்குப் பெட்டியாவது இருக்கும். இளையவர்கள் அதில் தடுக்கி விழுவது எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய உருவங்களில். பெரியார் 'குடி அரசு' இதழில் 1935இலேயே கையாண்ட மாற்றத்தை அரசு 1978இல் ஆணையாக்கியது. மாறியவை மொத்தம் 13 எழுத்து: ணா, றா, னா, ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ, ணை, லை, ளை, னை. கடைசி நான்கும் யானைத் தும்பிக்கை போலக் கொக்கி வைத்து எழுதப்பட்டவை, மற்றவற்றில் கால் எழுத்தோடு ஒட்டியிருக்கும். பதின்மூன்றையும் பழைய புத்தகத்திலிருந்தே பார்த்து ஓர் அட்டையில் எழுதி, பக்க அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு புத்தகம் முடிவதற்குள் அட்டை தேவைப்படாது. பக்க எண் ௰, ௱ என்று வந்தால் பத்து, நூறு.

சந்தி பிரிக்காத அச்சுதான் அதைவிடக் கடினம். மூன்று சொல் ஒட்டி ஒரே கட்டியாக நிற்கும். அதற்கு நல்ல வழி வாய்விட்டு வாசிப்பதுதான்; கண் பிரிக்காததைக் காது பிரித்துவிடும். செய்யுளுக்கும் அதே சட்டம். 1939இல் சா. கணேசன் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் கழகத்தின் ஊரில் இருந்துகொண்டு கம்பனை மனத்துக்குள் வேகமாக வாசிக்கப் பார்ப்பது வீண்வேலை. சந்தம் தெரியாமல் அந்தப் பாட்டு பிரிபடாது. முதல் தடவை சத்தமாக, சீர் சீராக, பொருள் தேடாமல். இரண்டாம் தடவை உரையோடு. ஒரு மாலைக்குப் பத்துப் பாட்டு தாராளம்.

பயன் என்ன என்று கேட்பவர்களுக்கு: பழக்கமாகப் படிப்பவருக்குச் சொல் கூடுகிறது, சொல் கூடக்கூடப் படிப்பது எளிதாகிறது, எளிதானால் இன்னும் படிக்கிறார். கீத் ஸ்டனோவிச் 1986இல் இதை விரித்து எழுதினார். படிப்பில் பின்தங்கியவர் மேலும் பின்தங்குவதும் இதே சுழற்சியின் மறுபக்கம். ஆயுள் கூடும் என்றும் சொல்வார்கள். 2016இல் யேல் பல்கலைக்கழகத்தார், ஐம்பதைத் தாண்டிய 3635 பேரின் 12 வருடத் தகவலைப் பார்த்ததில், புத்தகம் படிப்பவர்களுக்கு இறப்பு அபாயம் 20 சதவீதம் குறைவாக இருந்தது. வசதி, படிப்பு, உடல்நிலை எல்லாவற்றையும் கணக்கில் கழித்துத்தான் சொன்னார்கள். இருந்தாலும் இது கவனித்துச் சொன்னது, மருந்து கொடுத்துச் சோதித்தது அல்ல. மாத்திரையை நிறுத்திவிட்டு நாவல் படிக்க வேண்டாம்.

கடைசியாக, கண்ணும் வெளிச்சமும். நாற்பதைத் தாண்டிய ஒருவர் புத்தகத்தைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்தால் வேகப் பயிற்சியெல்லாம் அப்புறம், முதலில் கண் பரிசோதனை. கடையில் தொங்கும் ரெடிமேட் கண்ணாடியில் இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர்தான் இருக்கும். பலருக்கு அப்படி இருப்பதில்லை. வாசிப்பு தூரம் 35 முதல் 40 சென்டிமீட்டர் என்று சொல்லிக் கண்ணாடி எழுதி வாங்குங்கள். இரட்டைப் பவர் கண்ணாடி போட்டவர்கள் சாய்வு நாற்காலியில் படிக்கும்போது தாடையைத் தூக்கிக் கீழ்ப்பகுதி வழியே பார்க்க வேண்டியிருக்கும். கழுத்து வலித்ததும் புத்தகம் மூடப்படும். நிமிர்ந்து உட்காருங்கள், அல்லது படிப்பதற்கென்று தனிக் கண்ணாடி வையுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை தனி.

நம் வீடுகளில் உள்ளறைகள் இருட்டு. முகப்பும் முற்றத்தை ஒட்டிய வளவுத் தாழ்வாரமும்தான் பகலில் படிக்க ஏற்றவை. முற்றத்து வெயிலில் நேராக உட்கார்ந்தால் வெள்ளைத்தாள் கூசும், தூணுக்கு உள்பக்கம் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தால் கூசாது. வெயில் விழும் ஆத்தங்குடிக் கல் தரையும் கீழிருந்து ஒளியைத் திருப்பியடிக்கும், ஒரு பாயை விரித்தால் அது நிற்கும். இரவில் அத்தனை உயரமான கூரையில் மாட்டிய ஒற்றை பல்ப் புத்தகத்துக்கு வந்து சேர்வதற்குள் மங்கிவிடுகிறது. மேசை விளக்கில் 9 வாட் எல்.இ.டி. போட்டு, எழுதுபவராக இருந்தால் இடப்பக்கம் தோளுக்குப் பின்னாலிருந்து விழும்படி வையுங்கள். இடக்கைக்காரர்கள் வலப்பக்கம்.